உப்பு லாரிக்கு வந்த உதறல்

எங்கள் உப்பு லாரிக்கு அந்த வருடம் உதறல் வந்தது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. இஞ்சினை அணைக்காமல் ஓரமாக நிறுத்தினால் போதும், குளிர்காய்ச்சல்காரன் மாதிரி ஆடும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து சிமிட்டும். ஹெட்லைட் போட்டால் உதறல் கூடும், சில நேரம் இஞ்சினே அணைந்துவிடும். பின்னால் வருகிறவர்கள் என் தம்பியைத் திட்டிக்கொண்டே முந்திப் போவார்கள்.

லாரி என் பெயரில், ஓட்டுவது தம்பி. நாங்கள் கடற்கரைக் குடும்பம். நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்குகடல் படகில் போன அப்பா திரும்பி வரவில்லை. தம்பியைக் கரையில் நிறுத்தி வைக்கத்தான் இந்தப் பழைய லாரியை வாங்கினேன். மற்றபடி வியாபார மூளை எதுவும் எனக்குக் கிடையாது.

டீசல் ஃபில்டரை மாற்றினோம், பேட்டரியை மாற்றினோம், உதறல் மாறவில்லை. வண்டி எலக்ட்ரீசியன் அண்ணாச்சி மொத்த வயரிங்கையும் மாற்றச் சொன்னார். தம்பிக்குப் பொறுமை போய்விட்டது.

"யக்கா, இது தேறாது. வித்துருவோம். திங்கக்கிழம தங்குகடலுக்கு வாரேன்னு படகுக்காரர்ட்ட சொல்லிட்டேன்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குப் பயம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும். "போலே, போ. எங்கிட்ட எதுக்குச் சொல்லுத?" என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே போய் அண்ணாச்சியைக் கையோடு கூட்டி வந்தேன்.

"கடைசியா ஒரு தடவ பாருங்க அண்ணாச்சி. இவ்வளவு கோளாறும் ஒரே நேரத்துலயா வரும்?"

"எப்ப இருந்துலே இப்படி?" என்று அவர் தம்பியிடம் கேட்டார்.

"தடைக்காலம் முடிஞ்சதுல இருந்து."

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள். தம்பிக்கும் கை சும்மா இருக்காது. உப்பு அரித்துவிடக் கூடாதென்று மிச்சமிருக்கும் படகு பெயிண்டை வாங்கி வந்து லாரியின் அடியில் பூசுவான். அந்த வருடம் கூடுதல் சிரத்தை. அண்ணாச்சி அடியில் படுத்துப் பார்த்தார். எல்லாம் பளபளவென்று நீலமாக இருந்தது.

"ஏலே, பேட்டரி எர்த் வயரக் கழத்திட்டா பெயிண்ட் அடிச்ச?"

"ஆமா அண்ணாச்சி. வயருக்கு அடியில துருப்பிடிச்சிரக் கூடாதுல்லா? ரெண்டு கோட்டிங் அடிச்சு, நல்லாக் காயவச்சுத்தான் திருப்பி மாட்டுனேன்." குரலில் பெருமை வேறு.

அண்ணாச்சி படுத்தபடியே சிரித்தார், தொப்பை குலுங்கியது. அந்த வயர் சேஸிஸ் இரும்பைத் தொட்டால்தான் மின்சாரம் ஒழுங்காகப் பேட்டரிக்குத் திரும்பும். எங்கள் வண்டியில் அது பெயிண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. லைட்டும் ஹாரனும் இஞ்சின் சென்சாரும் கிடைத்த கொஞ்ச வழியில் ஒன்றையொன்று நெட்டித் தள்ளியிருக்கின்றன.

"படகுன்னா இது சரிதாம்லே" என்று சொல்லிவிட்டு, உப்புத்தாளை வாங்கி அந்த இடத்தை இரும்பு தெரியும்வரை தேய்த்தார். வயரை இறுக்கி மாட்டினார்.

தம்பி ஸ்டார்ட் செய்தான். நான் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். உதறல் இல்லை. ஹெட்லைட்டைப் போட்டான், இண்டிகேட்டரைப் போட்டான். இஞ்சின் அசையாமல் ஒரே சீராக ஓடியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அழுகை வந்தது. "கூறுகெட்டவனே, பெயிண்ட் அடிச்ச லட்சணத்தப் பாரு" என்று திட்டிக்கொண்டே அழுதேன்.

இஞ்சினை அணைத்துவிட்டுத் தம்பி இறங்கி வந்து போனை என்னிடம் நீட்டினான்.

"படகுக்காரர்ட்ட நீயே சொல்லிரு யக்கா. எனக்கும் போக மனசில்ல."

சொன்னேன். அவர் இன்னொரு ஆள் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை படகு கடலுக்குப் போயிற்று. என் தம்பி விளாத்திகுளத்தில் உப்பை இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து, சோறு இருக்கா என்று கேட்டான்.