மலைக்குப் போன கூடை

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் ஓர் ஆசிரியர் கல்லூரியில் பயிற்சிக்கு இருந்தேன். வகுப்பறைகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று இருந்தது. வாள், சுத்தியல், பழைய தையல் மெஷின், பெட்டி பெட்டியாகக் கழிவுச் சாமான்கள். இறுதி வருடத்தில் ஒவ்வொருவரும் ஏதாவது செய்து கண்காட்சியில் வைக்கவேண்டும். நான் பற்றரியில் எரியும் வீதிச் சமிக்ஞை விளக்கு செய்தேன். இன்னும் மூன்று பேர் அதையேதான் செய்தார்கள்.

பக்கத்து மேசையில் இருந்தவள் வட்டவளையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவர். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மாட்டி அவருக்கு உச்சியில் முடியே இல்லை.

“அந்த எடத்துல சீப்பு பட்டாலே அம்மாவுக்கு மொகம் சுருங்கிப்போகும். பாரத்தை தலையிலேருந்து எறக்கணும்” என்றாள்.

அரிசிச் சாக்கையும் சைக்கிள் டியூபையும் வைத்து, புத்தகப்பை போலத் தோளில் மாட்டும் பட்டி தைத்தாள். அம்மா ஒருநாள் கட்டிப் பார்த்துவிட்டு, குனிந்தால் கூடை ஒருபக்கம் சரிகிறது, பின்னால் எறியும் கொழுந்து பாதி கீழே விழுகிறது என்றாராம். அவள் முகம் வாடவில்லை. எல்லாவற்றையும் பிரித்தாள். ஈரச் சாக்குகளைக் கூடையில் அடைத்து, கல்லூரிக்குப் பின்னாலிருந்த சரிவில் தானே ஏறி இறங்கினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருநாள் நானும் அதைத் தலைக்கயிற்றோடு சுமந்து பார்த்தேன். நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் கால் மணி நேரத்தில் கழுத்து இறுகி, கண்ணில் நீர் வந்துவிட்டது. அதன்பிறகு நான் சிரிக்கவில்லை. கடைசியில் இடுப்புக்கு ஒரு வார் வந்தது. கூடையின் வாய் தோளுக்கு நேராக நிற்க மூங்கில் பட்டை ஒன்றும் வந்தது.

கண்காட்சியன்று காலை வட்டவளையிலிருந்து ரயிலில் வந்தவள், வெறும் மேசையில் பெயர் அட்டையை மட்டும் வைத்தாள். பட்டறைக்குப் பொறுப்பான விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். கூடை எங்கே என்று கேட்டார்.

“அம்மா மலைக்குக் கொண்டுபோயிட்டாங்க சார். இன்னிக்கு கொழுந்து நெறையவாம். சாயந்தரம்தான் தருவாங்களாம்.”

ஏச்சு விழப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மேசையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

“அப்ப அது வேலை செய்யுது, பிள்ளை” என்றார். அட்டையை எடுத்து, பெயருக்குக் கீழே ‘பாவனையில் உள்ளது’ என்று தன் கையாலேயே எழுதினார்.

பிரதம விருந்தினர் அந்த மேசையைக் கடந்து வந்து என் விளக்குகளைப் பாராட்டினார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த வாரம் விரிவுரையாளர் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வட்டவளைக்குப் போனார். அம்மா சரிவில் நின்றார். பார்க்காமலே பின்னால் எறிந்த கொழுந்து ஒன்றுவிடாமல் கூடைக்குள் விழுந்தது. “நின்னு பேச நேரமில்லீங்க சார், பாத்துக்குங்க” என்று சொல்லி, பட்டியைக் காட்ட ஒருமுறை திரும்பி நின்றார். அந்த வருடம் பட்டறையில் அதிகப் புள்ளி அவளுக்குத்தான்.

பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த பெண்களும் கேட்டதால், படிப்பு முடிவதற்குள் நாங்கள் இருவருமாக இன்னும் ஆறு பட்டிகள் தைத்தோம். ஒரு அக்கா மட்டும் தனக்குக் கயிறுதான் பழக்கம் என்று திருப்பித் தந்தார். அவள் அதை வாங்கி வைத்துவிட்டு, எந்த இடத்தில் உறுத்துகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள்.