ஆரல்வாய்மொழிக்கு அப்பால் என் அப்பா

காய்ச்சல் இறங்கிய காலையில் அம்மா கட்டிலருகே நின்று வாயை மட்டும் அசைத்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து, “சத்தமாச் சொல்லும்மா” என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

எனக்கு வந்தது குடற்சுரம் (குடலில் புண் உண்டாகி வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல்). உயிர் தப்பியது. செவி நரம்பு (ஒலியை மூளைக்குக் கொண்டுபோவது) பட்டுப்போயிற்று. இனித் திரும்பாது என்று பாளையங்கோட்டை டாக்டர் அம்மாள் சிலேட்டில் எழுதிக் காட்டினார். எனக்குப் பத்தொன்பது வயது.

இதே காய்ச்சலில் காதை இழந்தவர்கள், முதல் நாட்களை எப்படிக் கடந்தாய் என்று கேட்கலாம். கடக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

என் அப்பா பேர்பெற்ற கவிஞர். தாமிரபரணிக் கரையில் நாற்று நடும் பெண்கள்கூட அவர் பாட்டைத்தான் பாடுவார்கள். ஒரு ஜமீன்தாரின் கொடுமையை அவர் பாடிவிட, ஜமீன் ஆட்கள் அரிவாளோடு தேடினார்கள். நான் சிறுமியாக இருக்கும்போதே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே எல்லை தாண்டித் திருவிதாங்கூர்ச் சீமைக்குப் போனவர், திரும்ப முடியவில்லை. ஊரார் வாயில் கேட்ட பாட்டுதான் எனக்கு அப்பா. இப்போது அதுவும் போயிற்று.

அதைத் தெரிந்துகொண்ட டாக்டர் அம்மாள் ஒருநாள் சிலேட்டில் எழுதினார்: “பல நூறு வருஷங்களுக்கு முன் இத்தாலி தேசத்தில் ஊரார் துரத்திய மகாகவி ஒருவர் இருந்தார். அவர் ஒதுங்கியிருந்த ஊருக்கே அவர் மகள் போய்ச் சேர்ந்தாள்.”

“அவளுக்குக் காது கேட்டது” என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் குச்சியை வாங்கினார். “அவள் பாட்டுக் கேட்கப் போகவில்லை.”

அன்று மாலை அம்மாவின் உதடுகளிலிருந்து முதன்முதலாக ஒரு வார்த்தையைப் படித்தேன். “போவமா?”

வள்ளியூர் தாண்டி மலை நெருங்கியபோது காற்று வண்டியையே ஆட்டியது. அதன் இரைச்சலை அம்மாவின் முகச்சுளிப்பில்தான் கண்டேன்.

கணவாயைத் தாண்டிய ஊரில், வாசலுக்கு வந்த அப்பா நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். என்னைக் கண்டதும் ஏதோ வேகமாகப் பேசத் தொடங்கினார். அம்மா தன் காதைத் தொட்டுக் கையை விரித்தாள். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து என் முன்னால் வந்து, முகத்துக்கு நேராக நின்று, பைய உதட்டை அசைத்தார்.

“ஏட்டி, கஞ்சி குடிக்கியா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த வார்த்தையை எந்த வயலிலும் யாரும் பாடியதில்லை.

கஞ்சியை அவரே ஆற்றிக் கொடுத்தார். காய்ச்சலில் முடி உதிர்ந்த தலையில் புதுமுடி முளைக்க, அதில் எண்ணெய் தடவினார். கால் தள்ளாடினால் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் என் உள்ளங்கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துப் பாடினார். கைக்குள் அதிர்வு ஓடியது. எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை.

நானும் அம்மாவும் அங்கேயே தங்கிவிட்டோம். பலகை பாவிய மச்சில் படுக்கிறோம். முன்பு கோயில் மணி கேட்டால் விடிந்தது என்று அர்த்தம். இப்போது அப்பா எழுந்து நடப்பதை என் முதுகு முதலில் அறிகிறது. அவசரப்படாமல், அவர் ஒவ்வோர் அடியும் பலகை வழியே என்னிடம் வரட்டும் என்று, கண்ணைத் திறக்காமல் கிடக்கிறேன்.