பீலிக்கரைக் குரலுக்கு ஒரு கையெழுத்து

கண்டியில் கல்யாண வீடுகளுக்கு கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழு கலைந்த பிறகு, கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு எடுத்திருந்த மேல்மாடி அறையில் உட்கார்ந்து இந்தத் தொழிலுக்குள் வந்தேன். நானே இசையமைத்து, நானே பதிவு செய்து, இணையத்தில் இருக்கும் ஒரு வெளிநாட்டு ஒலி நூலகத்தில் போட்டு வைப்பேன். விளம்பரம் எடுப்பவர்களும் வீடியோ செய்பவர்களும் அதைப் பயன்படுத்துவதற்கு அனுமதி வாங்குவார்கள். இசை என்னுடையதாகவே இருக்கும். ஆனால் எங்கே, யாருக்காக ஒலிக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

இசையை விட ஒலிகள் அதிகம் போகும் என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து செய்த புல்லாங்குழல் மெட்டை ஒருவரும் தொடவில்லை. அறையின் பழைய மின்விசிறி சுற்றும் சத்தத்தைப் பலர் எடுத்தார்கள். அதன் பிறகு ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். வாவிக்கரையில் மழை, பஸ் நிலையத்தில் கண்டக்டர்களின் கூப்பாடு, மார்க்கெட் கூரையில் காகங்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் வெட்டிச் சுத்தம் செய்து, தேடுபவர்கள் கண்டுபிடிக்க வேண்டுமென்று ஐம்பது சொற்களை எழுத வேண்டும். ‘அமைதி, கிராமம், காலை, நம்பிக்கை.’ எதற்கும் நம்பிக்கை என்ற சொல்லைப் போட்டால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு நாளில் அந்தச் சொல்லை முப்பது தடவை எழுதிவிட்டு எழுந்து நிற்கும்போது எனக்குள் எதுவும் மிச்சமிருக்காது.

என் மனைவியின் அண்ணன் ஹேவாஹெட்டயில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் இருக்கிறார். ஒரு முறை அங்கே போயிருந்தபோது, பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தத்தை எடுக்கப் பின்பக்கம் போனேன். பக்கத்து வீட்டு அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். முதுகு என் பக்கமாக இருந்தது. துலக்கத் துலக்க ஏதோ ஒரு ராகத்தை மெதுவாக முனகினார். இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தார். நான் அசையாமல் நின்று முழுவதையும் பதிவு செய்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதையும் நூலகத்தில் போட்டேன். ஒரு வருடம் அது சும்மா கிடந்தது. பிறகு ஒருநாள் நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு பெரிய நிறுவனம் தன் விளம்பரத்துக்கு அந்தக் குரலைக் கேட்கிறது, குரலுக்குரியவரின் கையெழுத்து வேண்டும் என்று எழுதி, கூடவே இரண்டு பக்க ஆங்கிலப் படிவத்தையும் அனுப்பியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அக்கா வாசலில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி. மச்சான் வீட்டுல இல்லையே, டவுனுக்குப் போயிட்டாரு.”

“உங்களத்தான் பாக்க வந்தேங்க்கா.”

கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொல்லி, இயர்போனை அவர் காதில் வைத்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“அது எங்க குண்டான் சத்தம். நசுங்கிப் போன குண்டான், அப்பிடித்தான் சத்தம் போடும்” என்றார் முதலில். பிறகு முகம் மாறியது. “இது நானா?”

“ஆமாங்க்கா.”

“நீங்க எங்க நின்னீங்க?”

“பின்னால, கொய்யா மரத்துக்கிட்ட.”

“கேட்டிருந்தா வேற ஏதாச்சும் பாடியிருப்பேனே.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. படிவத்தை எடுத்தேன். “என்னா எழுதியிருக்கு? வாசிங்க” என்றார். அதுவரை நானும் அதை வரிக்கு வரி வாசித்ததில்லை. ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

“ஒலகம் பூரா பாவிக்கலாம்.”

“சரி.”

“எந்தச் சாமானுக்கும் பாவிக்கலாம். வெட்டலாம், மாத்தலாம், வேற சத்தத்தோட சேக்கலாம். காலவரை இல்ல.”

“நா செத்த பெறகுமா?”

“ஆமாங்க்கா.”

“வேணாம்னு திருப்பிக் கேட்டா?”

“கேக்க ஏலாது.”

அவர் இயர்போனை என் மடியில் வைத்தார். “தம்பி, அது பாட்டு இல்ல” என்றார். “எனக்கு இடுப்பு வலி. குனிஞ்சு தொலக்குறப்ப உயிர் போகும். அப்பிடி மொனகுனா கொஞ்சம் லேசா இருக்கும். அத நீங்க பாட்டுன்னு நெனச்சிட்டீங்க.”

அதற்கு நான் எழுதிப் போட்டிருந்த சொற்கள் நினைவுக்கு வந்தன. அமைதி, கிராமம், நம்பிக்கை.

“வலியில மொனகுனத ஊருக்கெல்லாம் போட்டுக் காட்ட எனக்கு வெக்கமா இருக்கு. கோவிச்சுக்காதீங்க.”

“கோவமெல்லாம் இல்லைங்க்கா.”

“ஒங்க பாட்டுக்கும் இப்பிடித்தான் கையெழுத்து வச்சிருக்கீங்களா?”

“அதுக்கு வேற தாள். ஆனா இதே மாதிரிதான்.”

“வாசிச்சுப் பாத்தா வச்சீங்க?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “இன்னுங் கொஞ்சம் தேத்தண்ணி குடிங்க” என்றார்.

திரும்பி வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அன்றே அந்த ஒலியை நூலகத்திலிருந்து எடுத்துவிட்டேன். நான் முதலில் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தையும் தேடி எடுத்து முழுக்க வாசித்தேன். ஏற்கனவே அனுமதி வாங்கியவர்களிடமிருந்து எதையும் திருப்பி எடுக்க முடியாது என்று இருந்தது. என் மெட்டுகளில் பாதிக்கு மேல் யாரிடமோ போய்விட்டிருந்தன.

குரலைக் கொடுக்க இயலாது என்று எழுதினேன். அப்படியானால் அதே மாதிரி இன்னொன்று செய்து தாருங்கள் என்று நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. கோயில் பாடகர் குழுவில் பாடும் ஓர் இளம் ஆசிரியையை அழைத்தேன். இந்தத் தடவை படிவத்தை முதலிலேயே தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் சம்மதித்தார். குழாயைத் திறந்துவிட்டு, ஒரு சட்டியைக் கையில் கொடுத்தேன். நன்றாகவே முனகினார். சுருதி ஓரிடத்திலும் பிசகவில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. குரல் இனிமையாக இருக்கிறது, ஆனால் களைப்பு போதவில்லை, முந்தையதில் இருந்த உண்மையான களைப்பு வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

ஆசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“ஸ்கூல் முடிஞ்சு வந்து பாடிப் பாக்கட்டுமா அண்ணா? அப்ப டயர்டாத்தான் இருப்பேன்” என்றார். விளையாட்டாகச் சொன்னாரா தெரியவில்லை.

“வேணாம் தங்கச்சி. விடுங்க.”

என்னால் முடியாது என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன். அவர்கள் மறுபடி எழுதவில்லை. வேறு எங்காவது வேறொரு குரல் கிடைத்திருக்கும்.

மனைவி வேலை விட்டு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள்.

“அந்தக்கா இடுப்புக்கு மருந்து ஏதும் எடுக்குறாங்களா?”

நான் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் முழுவதும் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தேன், அதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு அண்ணனுக்குப் போன் எடுத்தாள். புதன்கிழமை அக்காவைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். தானே பஸ் நிலையத்தில் காத்திருப்பதாகவும் சொன்னாள்.

புதன்கிழமை போனில் அண்ணன் மட்டும்தான் பேசினார். கொழுந்து அதிகமாக இருக்கிறதாம், லீவு போட்டால் அந்த நாள் பேர் விழாதாம், சம்பளமும் கிடைக்காதாம், அக்கா கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விட்டாராம். அடுத்த புதன் பார்க்கலாம் என்றாராம்.