கிருஷ்ணன்கோவில் விலக்கில் ஒரு ஜெபம்

சென்ற வாரம் இந்தப் பத்தி வரவில்லை. ‘ஐயருக்கு உடம்பு சரியில்லையா?’ என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். ஒரு வாசகி மட்டும், ‘எங்கேயாவது பேஸ்கட்பால் மேட்ச்சில் உட்கார்ந்துகொண்டு எழுத மறந்திருப்பார்’ என்று எழுதியிருந்தார்.

பாதி சரி, அம்மா. மேட்ச்சில்தான் உட்கார்ந்திருந்தேன். மறக்கவில்லை... எழுதக் கை வரவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன சபையின் போதகர். சபைக்காரர்களுக்கு ‘ஐயர்’. ஊரில் மற்ற எல்லோருக்கும் ‘ஃபாதர்’. ஃபாதர் என்றால் கத்தோலிக்க சாமியார், நான் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிற ஆள் என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். ‘சரிங்க ஃபாதர்’ என்றார்கள். விட்டுவிட்டேன்.

ஜெபத்தை விட்டால் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் பேஸ்கட்பால். காலேஜில் ஆடியவன். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை, வாய் மட்டும்தான் ஆடுகிறது. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜின் பெண்கள் டீம் எங்கே ஆடினாலும் கேலரியில் என்னைப் பார்க்கலாம். அவர்களுடைய கோச் சுபத்ரா மேடம் ராஜபாளையத்துக்காரர். கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவார். ரொம்பக் கோபம் வந்தால் பேசவே மாட்டார். பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் பயம்.

அந்த டீமின் உயிர், முத்துப்பேச்சி. எல்லோருக்கும் பேச்சி. சுந்தரபாண்டியத்துப் பெண். அப்பா இல்லை, அம்மா இருக்கிற வயலைப் பார்த்துக்கொள்கிறார். அவளுக்குப் பந்து போடக் கற்றுக்கொடுத்தது அண்ணன் கதிரேசன். தோட்டத்து மோட்டார் ரூம் சுவரில் ஒரு இரும்பு வளையத்தை அடித்துவைத்து, ‘இதுல போடு, எங்க வேணும்னாலும் போட்ருவே’ என்று பழக்கியவன். அப்புறம் அவன் ஆர்மிக்குப் போய்விட்டான்.

லீவில் வந்தால் என் பக்கத்தில்தான் உட்காருவான். உட்காருவான் என்பது பேச்சுக்கு... மேட்ச் முழுக்க நின்றுகொண்டே கத்துவான். ‘ஏட்டி, பந்தப் பாக்காத, ஆளப் பாரு!’ பேச்சி அங்கிருந்தே முறைப்பாள். அடுத்த பந்து வளையத்துக்குள் விழும். இவன் என் தோளைப் பிடித்து உலுக்குவான். அந்த உலுக்கலில் என் கண்ணாடி விழுந்து உடைந்திருக்கிறது. ‘அடுத்த லீவுக்கு வாங்கித் தாரேன் ஃபாதர்’ என்றான்.

இடையில் டி.வி.யில் எல்லைப் பதற்றம் வந்தது. நினைவிருக்கிறதா? டீக்கடையில் எல்லோரும் தளபதி ஆகிவிட்டார்கள். ‘ஒரே போடா போட்டு முடிச்சிரணும் ஃபாதர்’ என்று வடையைப் பிய்த்துக்கொண்டே எனக்கு ஆர்டர் போட்டார் ஒருவர். என்னமோ நான்தான் பட்டனை அமுக்கப் போகிறவன் மாதிரி! நானும் என் பங்குக்கு, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் எல்லையில் நிற்கிறவர்களுக்காக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். பதற்றம் தணிந்தது. டி.வி. வேறு விஷயத்துக்குப் போனது. நானும் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

கதிரேசன் செத்தது அதற்குப் பிறகு.

சண்டையில் இல்லை. மலைப்பாதையில் வண்டி சரிந்து பள்ளத்தில் விழுந்துவிட்டது. டி.வி.யில் அடியில் ஓடுகிற எழுத்தில் ஒரு தடவை போனது என்று யாரோ சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அப்போது நான் ராஜபாளையத்தில் ஃபைனல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பேச்சியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! எந்தப் பக்கமிருந்து எறிந்தாலும் உள்ளே. பாதி ஆட்டம் முடிந்து மறுபடி இறங்கியிருந்தார்கள். சுபத்ரா மேடத்துக்கு ஒரு போன் வந்தது. காதில் வைத்தார். கேலரியில் என்னைத் தேடினார். நான் இறங்கிப் போனதும் போனை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேச்சியின் சித்தப்பா பேசினார். “ஆளு இல்ல ஃபாதர்... யூனிட்லருந்து இப்பத்தான் எனக்கு போன் வந்துச்சு. எங்க மதினிகிட்ட இன்னும் சொல்லல. சீரியஸ்னு மட்டும் சொல்லி வச்சிருக்கோம். மக பக்கத்துல இருந்தாத்தான் தாங்கும். புள்ளைகிட்டயும் அப்பிடியே சொல்லிக் கூட்டிட்டு வாங்க. வழியில ஒண்ணும் சொல்லிராதீக.”

‘சீரியஸ்.’ நம் பக்கத்தில் யாரும் போனில் சாவு சொல்வதில்லை. சீரியஸ் என்போம். பஸ்ஸில் தனியாக வருகிறவன் நடுவழியில் உடைந்துவிடக் கூடாது, வீட்டுக்கு வந்து நாலு பேர் தோளில் சாய்ந்து அழட்டும் என்று ஒரு கருணை. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மேடம் பேச்சியை வெளியே எடுத்தார். “நல்லாத்தான ஆடுறேன், எதுக்கு கோச்?” என்று கோபமாக வந்தாள். “அண்ணனுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்காம்டா. வீட்டுக்குப் போவோம்.” அவ்வளவுதான் சொன்னார். டீமை உதவிக் கோச்சிடம் விட்டுவிட்டு மூவரும் என் காரில் கிளம்பினோம். பேச்சி ஜெர்சியோடு பின்சீட்டில். பக்கத்தில் மேடம். பேச்சியின் போனை முன்கூட்டியே எடுத்து அணைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“எந்த ஆஸ்பத்திரியாம் கோச்?”

“தெரியலடா. போய்க் கேப்போம்.”

“ரத்தம் எதும் வேணும்னாகளா?”

மேடம் காரின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். எதிரே காலேஜ் பஸ்கள் வரிசையாகப் பிள்ளைகளை இறக்கிவிட வந்துகொண்டிருந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்ததும் பேச்சி கையெடுத்துக் கும்பிட்டாள். ஊரைத் தாண்டும்வரை கையை இறக்கவில்லை. அப்புறம் முன்சீட்டுப் பக்கம் குனிந்து சொன்னாள்: “ஆண்டாளம்மாகிட்ட சொல்லிட்டேன் ஃபாதர். நீங்களும் உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அண்ணன் பொழைக்கணும்னு ஜெபம் பண்ணுங்க.”

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பேச்சில் பொய் சொல்லலாம். ‘ஒண்ணும் இருக்காதும்மா’ என்று யாரும் சொல்லலாம். ஜெபத்தில் எப்படிச் சொல்வது? செத்தவன் என்று எனக்குத் தெரியும், கேட்கிற ஆண்டவருக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து ‘பிழைக்க வையும்’ என்று எந்த வாயால் கேட்பது? கேட்டுவிட்டு, நாளைக்கு அந்தப் பெண் ‘ஃபாதர் கேட்டும் உங்க சாமி குடுக்கலையே’ என்று நினைத்தால்?

“பண்றேம்மா... மனசுக்குள்ள பண்ணிட்டுத்தான் வாரேன்” என்று சமாளித்தேன்.

கிருஷ்ணன்கோவில் வந்தது. சுந்தரபாண்டியத்துக்குத் திரும்புகிற விலக்கில் வண்டியை ஸ்லோ பண்ணினேன்.

“சபையில மைக்ல எம்புட்டு நேரம் பண்ணுவீக ஃபாதர்” என்றாள் பேச்சி. குரல் உடைந்திருந்தது. “நாங்க இந்துங்கிறதால பண்ண மாட்டீகளா?”

சுருக்கென்று இருந்தது. அப்படியே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். திரும்பி அவள் தலையில் கை வைத்தேன். வேர்வை இன்னும் காயவில்லை.

“ஆண்டவரே, கதிரேசன் உம்முடைய பிள்ளை. அவனை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம். இவளையும் இவள் அம்மாவையும் நீரே தாங்கிக்கொள்ளும். ஆமென்.”

சின்ன ஜெபம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்பாடா, தப்பித்தோம் என்று உள்ளே ஒரு நிம்மதிகூட வந்தது.

பேச்சி கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள்.

“பொழைக்கணும்னு நீங்க கேக்கவே இல்லையே ஃபாதர்.”

சுபத்ரா மேடம் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். பேச்சி அழவில்லை.

“சீரியஸ்னா என்னன்னு எனக்குத் தெரியும் ஃபாதர். எங்கப்பா செத்தப்பவும் ஸ்கூலுக்கு வந்து சீரியஸ்னுதான் கூட்டிட்டுப் போனாக. கோச் என்னைய வெளிய எடுத்தப்பவே பாதி புரிஞ்சுபோச்சு. ஆனாலும்... நீங்க மட்டும் பொழைக்கணும்னு கேட்டிருந்தா, வீடு வார வரைக்குமாவது நம்பிக்கிட்டு வந்திருப்பேன்ல. செத்த நேரம்தான ஃபாதர்.”

அதற்கு அப்புறம்தான் அழுதாள். மேடம் தெலுங்கில் என்னவோ சொல்லிக்கொண்டே அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய? மறைக்கவும் தெரியவில்லை, சொல்லவும் தெரியவில்லை. உள்ளபடி பேசிவிட்டோம் என்று நான் அடைந்த நிம்மதி அந்தப் பெண்ணின் செத்த நேர நம்பிக்கையை விலையாகக் கொடுத்து வாங்கியது.

அவளே நிமிர்ந்தாள். ஜெர்சியைத் தூக்கி முகத்தை அழுத்தித் துடைத்தாள். “அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். “இன்னும் சொல்லலம்மா. நீ வந்த பொறவு சொல்லணும்னு இருக்காங்க” என்றேன். “சரி, போங்க” என்றாள்.

தெருமுனையில் ஒரு மினி லாரி நின்றது. நிறைய பிளாஸ்டிக் சேர். இறக்காமல் தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அந்த அம்மா பார்த்துவிடக் கூடாதாம். வாசலில் ஆம்பளைகள் கூட்டமாக நின்றார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கார் நின்றதும் அம்மா ஓடிவந்தார். மகளிடம்கூடப் போகவில்லை, நேரே என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஃபாதர், நீங்களே வந்துட்டீகளா! எம்புள்ளைக்கு ஜெபம் பண்ணுங்க ஃபாதர். பொழைச்சுக்கிடுவான்ல? ஒரு வார்த்தை சொல்லுங்க!”

மறுபடியும் அதே கேள்வி.

பேச்சி குறுக்கே வந்து அம்மாவின் கையை என் கையிலிருந்து விடுவித்தாள்.

“பண்ணிட்டாரும்மா. விலக்குல வண்டிய நிப்பாட்டியே பண்ணிட்டாரு. அண்ணன் பொழைக்கணும்னுதான் கேட்டாரு. நீ உள்ள வா. சேதி கேட்டதுலருந்து ஒண்ணும் வாயில வச்சிருக்க மாட்டே... ஒரு வாய் தண்ணி குடி மொதல்ல.”

மகள் பிடித்துக்கொடுத்த செம்பிலிருந்து அந்த அம்மா தண்ணீர் குடித்தார். முழுசும் குடித்தார். கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். பேச்சி அவர் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் அவரை இறுக்கிக் கட்டிக்கொண்ட பிறகு, சித்தப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சித்தப்பா உள்ளே போனார். பிறகு கேட்ட அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

கொடி போர்த்தி உடல் வந்தது. துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டு மரியாதை செய்தார்கள். டீக்கடைத் தளபதிகளும் வந்திருந்தார்கள், பாவம், அவர்களும் அழுதார்கள். ஃபைனலில் தோற்றுவிட்டதாகச் சுபத்ரா மேடம் சொன்னார். பேச்சி இன்னும் கோர்ட் பக்கம் வரவில்லை. ஜெபத்தில் எடுத்துவிட்ட அந்த வரியைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன், டி.வி.யைக் கேட்காமல்.

நான் பண்ணிய ஜெபத்தில் பொய்யே இல்லை. பேச்சி சொன்னது முழுக்கப் பொய். ஆனால் அந்த அம்மாவுக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்கியது அவள் வார்த்தையில்தான்.

அதற்கு ஆண்டவர் அவளிடம் என்றைக்காவது கணக்குக் கேட்டால், போய்ப் பக்கத்தில் நின்றுகொள்ளலாம் என்றிருக்கிறேன்... ‘நான்தான் பொழைக்கணும்னு கேட்டேன்’ என்று சொல்வதற்கு.