நான் தூக்கிய கை

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான் பெற்றது மூன்று, என் தங்கை விட்டுப்போனது இரண்டு. ஐந்தையும் வளர்த்து ஆளாக்கினேன். அப்படிப்பட்ட நான்தான், நன்றாகத் தமிழ் பேசிய ஒருவனை, அவன் பேச்சு விளங்கவில்லை என்று பொய் சொல்லி ஊமையாக்கினேன்.

ஆமாம், பொய்தான். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது!

விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கையெழுத்துப் போடுவேன், பஸ் பலகை வாசிப்பேன். அதற்குமேல் எழுத்து ஓடாது. இதையும் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி மலர்தான் எழுதுகிறாள். ஆனால் காது... அந்த இயந்திர இரைச்சலில் பழகிய காது. நாலு பேர் தள்ளி ஒருத்தி முணுமுணுத்தாலும் பிடித்துவிடும்.

என்னை நாடகத்துக்கு இழுத்தவள் ஏரல்காரி பாத்திமா. மூட்டை அடுக்கி வைத்த பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்றில் குழு நடத்துகிறாள். எந்தெந்தத் தேசத்து நாடகங்களையோ தமிழில் போடுவாள். நடிக்க மணிப்பூர்ப் பெண் உண்டு. பிரான்சிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட கிழவர் உண்டு. யாரும் எந்த வேடமும் கட்டலாம். நிறம் பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை. பேச்சு மட்டும் கடைசி வரிசைக்கு விளங்கவேண்டும்.

விளங்குகிறதா என்று சொல்லும் வேலை எனக்கு. என் காட்சி இல்லாதபோது கடைசி பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். விளங்காவிட்டால் கையைத் தூக்குவேன். நான் தூக்கினால் மறுபேச்சு கிடையாது.

நான் பொய் சொன்ன அந்த நாடகம் ஏதோ ஒரு குளிர்தேசத்துக் கதை. போரில் செத்த மகன் தாயின் வாசலுக்கு வருகிறான். தாய் நான். மகன் இம்மானுவேல், கானா நாட்டிலிருந்து படிக்க வந்தவன். நம் பேச்சை அவன் டீக்கடையில் கற்றான். "சீனியக் கொறச்சுப் போடும்வே" என்று மாஸ்டரிடம் சண்டை பிடிப்பான். கடைசிக் காட்சியில் அவன் தலை என் மடியில் கிடக்கவேண்டும்.

ராதாபுரத்திலிருந்து என் கொழுந்தன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார்.

"மைனி, ஆப்பிரிக்காக்காரன் ஒருத்தன் ஒங்கள அம்மாங்கானாமே. அவன் தலைய மடியில வேற வச்சிக்கிடுதியளாம். சொந்தக்காரங்க எல்லாரும் வண்டி பிடிச்சு வாரோம்."

சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வெயிலில் கறுத்தவர்தான் அவரும். நான் மட்டும் வெள்ளையா? அது அப்போதே எனக்கு உறைத்தது. உறைத்தும்...

மறுநாள் ஒத்திகையில், தாய் மேடைக்கு வராத காட்சி. இம்மானுவேல் கதவுக்கு வெளியே நின்று சொன்னான்: "அம்மா, கதவைச் சாத்தாதே. செத்தவனுக்கும் குளிரும்."

கடைசி பெஞ்சில் கண்ணை மூடியிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. கையைத் தூக்கினேன்.

"எனக்கு நல்லாத்தான கேட்டுது, ஆச்சி?" என்றாள் பாத்திமா.

"ஒனக்கு வசனம் மனப்பாடம். பாக்க வாரவங்களுக்குத் தெரியாதுல்லா" என்றேன்.

நாலு நாள் கையைத் தூக்கினேன். பாபநாசம் படித்துறையில் நின்று அவன் ஆற்றைப் பார்த்து அதே வசனத்தைக் கத்திக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் என் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"எங்கன தப்புது ஆச்சி? சொல்லுங்க, திருத்திக்கிடுதேன்."

"தெரியலைலே. காதுல ஏற மாட்டேங்கு."

அவன் என்னையே பார்த்தான். பிறகு நான் கொடுத்த காப்பியைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

மகன் வேடம் உள்ளூர்ப் பையனுக்குப் போயிற்று. இம்மானுவேலுக்குப் பிணத்தைச் சுமந்து வரும் சிப்பாய் வேடம், வசனம் இல்லை. நாடகத்தன்று கொழுந்தன் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். "எங்க மைனி" என்று நாலு பேரிடம் சொன்னார். நான் நிமிர்ந்து நின்றேன்... அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவன் தமிழ் பேசுவதில்லை. டீக்கடையில் கண்ணாடி டம்ளரை விரலால் காட்டுகிறான். என்னைக் கண்டால் கும்பிடுகிறான், அவ்வளவுதான். அடுத்த நாடகம் தொடங்கிவிட்டது. இந்தமுறை பாத்திமா அவனைப் பேசச் சொல்லிப் பார்க்கவே இல்லை. நேரே ஊமை வேடத்தைக் கொடுத்துவிட்டாள்.

இன்னமும் சொல்லலாமே என்பீர்கள். எழுத்தறியாத எனக்கு அந்தக் கிட்டங்கியில் உள்ள மரியாதையெல்லாம் இந்தக் காதுதான். அதை எப்படி நானே அறுத்துப் போடுவேன்? அன்றைக்குக் காதில் கோளாறு இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பார்த்தீர்களா... திருந்தப் போகிறவள் அடுத்த பொய்க்கு எப்படித் தாவுகிறாள்!

கொழுந்தன் சொல்லித்தானே செய்தேன் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. அவர் சிரிக்கத்தான் செய்தார். தூக்கியது என் கை.

மலர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்: "ஆச்சி, இத அந்த அண்ணன்ட்டக் குடுக்கப் போறியா?"

தெரியவில்லை. நாளைக்கு ஒத்திகை இருக்கிறது. அவன் வருவான்.

முதலிலிருந்து வாசி, மலர். பைய வாசி. எந்த இடத்தில் நான் நல்லவளாகத் தெரிகிறேனோ அங்கே நிறுத்து. அதை அடித்துவிட்டு மேலே போகலாம்.