ஆயில்யம் முடியும் வரை

குழந்தையை முன்கூட்டியே வெளியே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நான் செய்த முதல் காரியம், கைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்தது. மகளின் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய சின்ன மருத்துவமனை அது. அவளுக்கு எட்டாம் மாதம் முடியும் தறுவாய். கால்கள் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகத் தொடங்கியிருந்தது. குழந்தையின் நுரையீரலுக்கான ஊசியெல்லாம் போட்டாகிவிட்டது.

“இனிமே உள்ள வச்சிருக்கறது ரெண்டு பேருக்கும் ரிஸ்க்,” என்றார் டாக்டர். “குழந்தை தலை கீழதான் இருக்கு. மருந்து வச்சு வலி வரவழைச்சுப் பார்க்கலாம். ஒரு நாளுக்கு மேலயும் ஆகலாம், நடுவுல சிசேரியனுக்குப் போக வேண்டியும் வரலாம். இல்லைன்னா நேரா சிசேரியன். பேசிட்டுச் சொல்லுங்க.”

“மருந்தே வைக்கட்டும்பா. இப்பவே ஆரம்பிச்சிடலாம்,” என்றாள் மகள்.

அவள் முடிவு சொல்லிவிட்டாள். நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று முழுவதும் ஆயில்யம்; மறுநாள் காலை கழிந்துதான் மகம் தொடங்குகிறது. ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். கல்லூரியில் முப்பது வருடம் கணிதம் நடத்தியவன் நான். இதை நம்பினேனா என்று கேட்டால் நேரான பதில் இல்லை. ஆனால் என் தங்கை ஆயில்யம். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துப் போனதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன். அவளுக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை. பிறக்கப் போவது பெண்ணாக இருந்தால்? வலி வரவழைத்தால் எப்போது பிறக்கும் என்று யார் சொல்வது? அறுவை என்றால் நேரத்தை நாம் குறிக்கலாம்.

வேலை விஷயமாகப் புனே போயிருந்த மருமகன் விமான டிக்கெட் தேடிக்கொண்டிருந்தார். “நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க மாமா, பார்த்துப் பண்ணுங்க,” என்றார் போனில். என் மனைவி உயிரோடு இல்லை. தடுக்க ஆளில்லாமல் போயிற்று.

“சிசேரியனே வச்சுக்கலாம் டாக்டர். நாளைக்குக் காலை தாண்டி,” என்றேன்.

இப்படிக் கேட்பவர்கள் அவருக்குப் புதிதல்ல. “பிரஷர் இப்ப மாத்திரைல நிக்குது. அது நிக்கிற வரைக்கும்தான் டைம்,” என்றவர் மகளிடம் திரும்பினார். “தலைவலி, கண்ணு மங்கறது, மேல்வயித்துல வலி, எது வந்தாலும் உடனே சொல்லணும்மா. அப்புறம் நாள் நட்சத்திரமெல்லாம் கிடையாது.”

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு, “சரி டாக்டர்,” என்றாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் நடந்தேன். மாடிப்படி இறங்கி, கேம்ப் ரோட்டில் பஸ்களின் ஹாரனைக் கேட்டுவிட்டு மறுபடி ஏறினேன். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா, “இன்னா சார், நீ நடந்தா நேரம் சீக்கிரமா பூடுமா? ஈரம் கீது, வழுக்கி வுழுந்தா உனக்கும் ஒரு பெட்டு போடணும்,” என்றாள். நான் சிரித்தேன். சிரிக்க முடிந்தது எனக்கு.

மதியம் தங்கை பீர்க்கன்கரணையிலிருந்து ரசம் சாதத்தோடு வந்தாள்.

“எதுக்கு நாளைக்கு? இன்னிக்கே பண்ண வேண்டியதுதானே?”

“நட்சத்திரம் சரியில்ல.”

“என்ன நட்சத்திரம்?”

நான் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஓ. நானா?” என்றாள். “கல்யாணம் ஆகலைன்னு நான் என்ன செத்தா போயிட்டேன் அண்ணா?”

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று அறைக்குள் போனாள். அவள் முகத்தில் விழிக்கக் கூசி நான் டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது படுக்கையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். மகளின் கண்மேல் துப்பட்டா கிடந்தது. கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த நர்ஸ், “பிரஷர் எகிறிடுச்சு சார், வழியை விடுங்க,” என்று என்னைச் சுவரோடு ஒதுக்கினாள்.

தங்கைதான் சொன்னாள். உள்ளே போனபோது மகள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாளாம். லைட் கூசுது அத்தை என்றாளாம். தலை வலிக்கிறதா என்று துருவிக் கேட்டதற்கு, “காலையிலேர்ந்து. அப்பாகிட்ட சொல்லாதீங்க,” என்றிருக்கிறாள். தங்கை போட்ட கத்தலில் வராந்தா முழுக்கக் கூடிவிட்டதாம்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அறுவை அறையின் கதவுக்கு வெளியே நானும் தங்கையும் நின்றோம். ஆயில்யம் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அப்போது நான் பார்க்கவில்லை. மகள் மூச்சு விடுகிறாளா என்பது மட்டுமே தெரிய வேண்டியிருந்தது.

பிழைத்தாள். வலிப்பு வரும் விளிம்பில் பிடித்துவிட்டோம் என்றார் டாக்டர். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அது கண்ணாடிப் பெட்டியில் பல வாரம் கிடந்தது. அன்று காலையே மகள் கேட்டபடி மருந்து வைத்திருந்தால் இயல்பாகப் பிறந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன்.

அவள் கண் விழித்துப் பேசத் தொடங்கியதும், “ஏம்மா தலைவலியைச் சொல்லல?” என்று கேட்டேன்.

“நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க. எப்படியாவது நாளைக்குக் காலை வரைக்கும் தாங்கிடலாம்னு நினைச்சேன்பா.”

என்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு நான் ஜாதகம் கணிக்கவில்லை. கேட்ட சம்பந்தியம்மாளிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். சமையலறையில் மகள் நெற்றியைத் தேய்ப்பதைப் பார்த்தால் போதும், படித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாளைப் போட்டுவிட்டு எழுந்து போய் நிற்கிறேன்.

“என்னப்பா?”

“தலை வலிக்குதா?”

“இல்லப்பா. போய் உட்காருங்க.”

போய் உட்காருகிறேன். எனக்காக வலியை மறைக்கத் தெரிந்தவள் அவள். அவள் ‘இல்லை’ என்று சொல்வதை என்னால் நம்ப முடிவதில்லை.