விடு என்ற சொல்லும் கிருபைரட்ணம் மாஸ்டரும்

கிருபைரட்ணம் மாஸ்டர் நல்லவர் என்று ஊர் சொல்லும். நானும் சொல்வேன். ஆனால் அவர் செய்ததை மறைத்துச் சொல்ல என்னால் முடியாது. தெல்லிப்பழையில் முப்பது வருடம் தமிழும் ஆங்கிலமும் படிப்பித்தவர். ஓய்வுபெற்ற பிறகு, காணாமல் போனவர்களைப் பற்றிய வாக்குமூலங்களை மொழிபெயர்க்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நான் அங்கே தட்டச்சு செய்பவள்.

மொழியியல் படித்த நிவேதனா ஒரு அட்டவணை கொண்டுவந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரே கருத்துத்தான், மற்றவை அதன் கிளைகள் என்பது அவருடைய கொள்கை. ஆகவே ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஒரே ஆங்கிலச் சொல். கோப்பின் முதல் பக்கத்தில், நடந்ததைச் சுருக்கிச் சொல்லும் கட்டத்தில் அதைத்தான் எழுத வேண்டும்; கணினியில் ஏறுவது அந்தக் கட்டம்தான்.

மாஸ்டர் பொரிந்து தள்ளினார். “மழை விட்டிட்டுது. பள்ளிக்கூடம் விட்டிட்டுது. குடியை விட்டிட்டான். சீவனை விட்டிட்டான். பிள்ளையை மாமி வீட்டிலை விட்டிட்டு வந்தன். உதுகளுக்கு நடு எங்கை இருக்கு, பிள்ளை? எல்லாம் ஒண்டுக்கொண்டு சொந்தம்தான். ஆனால் மூத்தவன் இவன்தான் எண்டு ஒருத்தனைக் காட்டேலாது.”

“கணினிக்கு ஒண்டுதான் வேணும், சேர்,” என்றார் நிவேதனா. ‘விடு’வுக்கு நேரே, விடுதலை செய்வதற்கான ஆங்கிலச் சொல் விழுந்தது.

கொடிகாமத்திலிருந்து பாலேஸ்வரி வந்தார். “சோதனைச் சாவடியிலை ஆமி மறிச்சது. விசாரிச்சிட்டு அனுப்புறம் எண்டாங்கள். நம்பி, கீர்த்திகனை அவங்களிட்டை விட்டிட்டு வந்தன். பதினேழு வயசு. அவனைத் தேடுறதை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ.”

மாஸ்டரின் பேனா கட்டத்தின் மேல் தயங்கி நின்றது. வெளியே இன்னும் பதினொரு பேர் காத்திருந்தார்கள். அட்டவணைப்படியே எழுதினார். “கீழை முழு வாக்குமூலமும் இருக்குத்தானே,” என்று என்னிடம் சொன்னார். கையெழுத்து வாங்குமுன் வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, அந்த அம்மா சொன்ன தமிழை மட்டும் வாசித்தார். “ஓம், அப்பிடித்தான்,” என்று பாலேஸ்வரி கையெழுத்து வைத்தார். கட்டத்தில் இருந்ததை அப்படியே நான் தட்டச்சு செய்தேன்.

எட்டு மாதத்தில், எங்கள் கோப்புகள் போகும் ஆணைக்குழுவிடமிருந்து அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதை வாசிப்பிக்க பாலேஸ்வரி மாஸ்டரிடமே வந்தார்.

“மகன் சாவடியில் விடுதலை செய்யப்பட்டதாகத் தாயே கூறியிருப்பதால், தேடுதல் முடிக்கப்படுகிறது.” இந்த முறை மாஸ்டர் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. “அப்பிடி எழுதினது நான்தான், அம்மா,” என்றார்.

“நான் சொன்னதைத்தானே வாசிச்சனீங்கள், மாஸ்டர்?”

மாஸ்டர் கோப்பை எடுத்து, அன்று வாசிக்காமல் புரட்டிய முதல் பக்கக் கட்டத்தைக் காட்டினார்.

“அப்ப ரண்டாந்தரமும் அவனை நான்தான் விட்டிட்டு வந்தனோ?”

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். மறுநாளிலிருந்து மாஸ்டர் வேலைக்கு வரவில்லை. அவருடைய கதிரையில் இப்போது நான் இருக்கிறேன், அதே அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொண்டு.